விசேஷத்தோடு சேர்த்துத்தான்

இன்னாசி பேக்கரியில் கேக்கை ருசி பார்க்கிறவர்கள், அந்தக் கேக்குக்குரிய விசேஷத்தையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். பிறந்தநாள் கேக்கில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டால் பிறந்தநாள் வந்துவிடும். புதுமனை புகுவிழாக் கேக் என்றால் எங்கேயோ பால் பொங்கிவிடும். பெரிய தொந்தரவு ஒன்றும் இல்லை. கேக்கோடு ஒரு கிளாஸ் டீ கொடுப்பார்கள். டீ ஆறியதும் விசேஷம் முடிந்துவிடும். வாயைத் துடைத்துக்கொண்டு, ஆர்டர் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரலாம்.

ஆனாலும் தூத்துக்குடியில் பலருக்கு அதற்குப் பொறுமை இல்லை. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் ருசி பார்ப்பதற்கென்று ஒரு ஆள் இருப்பது வழக்கம். சொந்தமாக விசேஷம் எதுவும் இல்லாத ஆளாகப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். அப்போதுதான் விசேஷமும் விசேஷமும் மோதிக்கொள்ளாது.

ஜெசிந்தா அப்படி ஓர் ஆள். வயது முப்பத்தொன்பது. மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். அவள் ஊசி போட்டால் எருமை திரும்பிக்கூடப் பார்க்காது. அவ்வளவு பதமான கை. அண்ணன் கப்பலில் வேலை பார்த்தான். அண்ணன் மனைவி பெர்பெத்தாவோடும் அவர்கள் மகள் ரெனிட்டாவோடும் அவள் இருந்தாள்.

அவள் ருசி பார்க்காமல் அந்த வீட்டுக்குள் ஒரு கேக்கும் நுழைந்ததில்லை. ரெனிட்டாவின் ஞானஸ்நானத்தை முதலில் வாங்கியவள் ஜெசிந்தாதான். பேக்கரியில் வைத்தே தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். அண்ணனின் இருபத்தைந்தாவது திருமண நாள் கேக்கை அவள் வாயில் போட்டபோது, இருபத்தைந்து வருஷம் குடும்பம் நடத்திய களைப்பு அவளுக்கு வந்தது. யாரோடு நடத்தினாள் என்று மட்டும் தெரியவில்லை. அதற்குள் டீ ஆறிவிட்டது.

இப்போது ரெனிட்டாவுக்கு நிச்சயதார்த்தம்.

“ரெண்டு வாய் பாத்துட்டு வந்துரு ஜெசி,” என்றாள் பெர்பெத்தா. “எனக்கு முழங்கால் வலி. நிச்சயதார்த்தம்னா நின்னுக்கிட்டே இருக்கணும். என்னால ஆவாது.”

“எந்தக் கேக்கு மைனி?”

“வெண்ணிலா. வெள்ளையாத்தான் இருக்கணும்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்லிட்டாவ.”

“ரெனிட்டாட்ட கேட்டீங்களா?”

“அவ எங்க கீழ வாரா?”

ரெனிட்டா மொட்டை மாடியில் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு தோளிலும் கிளிப் போட்டிருந்தது. சம்பந்தம் பேசி முடித்த நாளிலிருந்தே அப்படித்தான். காய்ந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று பெர்பெத்தா விட்டுவைத்திருந்தாள். ஜெசிந்தா கீழேயிருந்து கையசைத்தாள். ரெனிட்டா காற்றில் ஆடினாள்.

பேக்கரியில் இன்னாசி கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு. மீசையில் எப்போதும் கொஞ்சம் மாவு இருக்கும்.

“வாம்மா. இன்னைக்கு எதுக்கு?”

“நிச்சயதார்த்தம் அண்ணாச்சி.”

“கொஞ்சம் நடக்கணும். இப்பல்லாம் கண்ணாடிப் பெட்டி நீண்டுக்கிட்டே போவுது.”

கேக்குகள் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி கல்லாவில் தொடங்கி, பின்சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போயிருந்தது. ஜெசிந்தா அதன் ஓரமாகவே நடந்தாள். பெட்டிக்கு உள்ளே, கேக்குகளுக்கு நடுவில், இன்னாசி சைக்கிளில் கூடவே வந்தார். பெட்டி ஒரு வீட்டுக்குள் நுழைந்தது. அந்த வீட்டுக்காரர்கள் அதன்மேல் துணி விரித்து டிவி வைத்திருந்தார்கள். ஒரு பெண் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“காலப் பாத்து வைங்க. இப்பத்தான் தொடச்சேன்,” என்றாள் அவள்.

ஜெசிந்தா பார்த்துத்தான் வைத்தாள்.

“வழியில வர்ற கேக்கையும் ரெண்டு மூணு பாத்துக்கிட்டே வா,” என்று இன்னாசி உள்ளேயிருந்து சொன்னார். “பாக்காமத் தாண்டிப் போனா அதுகளுக்கு மனசு கஷ்டப்படும்.”

ஜெசிந்தா யார் மனசையும் கஷ்டப்படுத்திப் பழகியவள் அல்ல. கண்ணாடிக் கதவைத் தள்ளி, முதலில் வந்த மாம்பழக் கேக்கில் ஒரு விள்ளல் எடுத்தாள். அதன்மேல் ‘ஆல்வின், 7’ என்று எழுதியிருந்தது.

உடனே ஆல்வினுடைய குடும்பம் வந்தது. அவள் தலையில் கூம்புத் தொப்பி வைத்து, ரப்பரைத் தாடைக்குக் கீழே மாட்டினார்கள். டீ கொடுத்தார்கள். பாட்டுப் பாடினார்கள்.

“ஏழு வயசுக்கு வளத்தி அதிகம்தான்,” என்றார் மாமா.

“தினமும் முட்டை குடுக்கோம்,” என்றாள் அம்மா.

மாமா அவள் கன்னத்தைக் கிள்ளினார். “பெரிய ஆளாகி என்ன வேலைக்குப் போவே?”

“மாட்டாஸ்பத்திரியில கம்பவுண்டர்.”

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “டாக்டர்னு சொல்லு ராசா,” என்றாள்.

“டாக்டர்,” என்றாள் ஜெசிந்தா.

எல்லோரும் கை தட்டினார்கள். டீ ஆறியது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ரப்பர் அழுத்திய தடம் மட்டும் இருந்தது.

அடுத்தது சாக்லேட் கேக். வாயில் போட்டதும் ஜெசிந்தா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றாள். வெள்ளைச் சட்டை போட்ட ஓர் அதிகாரி மைக்கில் பேசினார். இவரைப் போல ஒரு ஊழியர் இனிமேல் கிடைக்க மாட்டார் என்றார். பிறகு கிரேன் வந்தது. உள்ளே நுழைய இடம் இல்லாததால் வாசலில் குனிந்து நின்று, கொக்கியில் மாட்டியிருந்த மாலையை மெதுவாக இறக்கி அவள் கழுத்தில் போட்டது.

ஜெசிந்தா கிரேனை அண்ணாந்து பார்த்தாள். அவள் அந்தக் கிரேனைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆனாலும் அதன் இடது பக்கத்து மூட்டில் சத்தம் வரும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

“இனிமே இதுக்கு யாரு கிரீஸ் போடுவா?” என்று கேட்டாள்.

“அதுவே போட்டுக்கிடும்,” என்றார் அதிகாரி.

கிரேன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஜெசிந்தா அழுதுவிட்டாள். டீ ஆறிய பிறகும் கண்ணீர் நிற்கவில்லை. இன்னாசி சைக்கிளை நிறுத்திவிட்டுக் கைக்குட்டை நீட்டினார்.

“இது யாரோட ஓய்வு அண்ணாச்சி?”

“சீனிராஜ்னு ஒருத்தரோடது. நாளைக்கு வந்து வாங்கிட்டுப் போவாரு. நீ அழுததெல்லாம் அவருக்கு மிச்சம்.”

அஞ்சலகத்தைத் தாண்டி, பெட்டி வளைகிற இடத்தில், நிச்சயதார்த்தக் கேக் இருந்தது. வெள்ளை வெளேரென்று இருந்தது. உச்சியில் சர்க்கரையில் செய்த இரண்டு மோதிரங்கள். ஜெசிந்தா கரண்டியை உள்ளே விட்டாள். அதே சமயம் எதிர்ப்பக்கத்துக் கதவைத் திறந்து இன்னொரு கரண்டி உள்ளே வந்தது. இரண்டும் ஒரே துண்டில் இறங்கி ‘டிங்’ என்று இடித்துக்கொண்டன.

“மன்னிக்கணும்,” என்றது கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்.

“பரவால்ல,” என்றாள் ஜெசிந்தா.

கரண்டியில் எடுத்ததைத் திரும்ப வைக்கக் கூடாது. கடையில் அப்படி எழுதியே போட்டிருந்தது. இருவரும் வாயில் போட்டுக்கொண்டார்கள்.

பந்தல் மேடையோடு வந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. நாற்காலிகளோடு அவற்றில் உட்கார்ந்திருந்தவர்களும் வந்தார்கள். பாதிரியார் ஜெபம் சொன்னார். சர்க்கரை மோதிரம் ஜெசிந்தாவின் விரலில் சரியாக உட்கார்ந்தது. பக்கத்தில் மாலையோடு நின்றவர் ஒல்லியாக, நெற்றி ஏறி, நாற்பத்தைந்து வயது மதிக்கும்படி இருந்தார். இருவர் கையிலும் டீ கொடுத்தார்கள்.

“என் பேரு தொபியாஸ்,” என்றார் அவர். “ஐஸ் ஃபாக்டரியில சூப்பர்வைசர். அக்கா மகன் நிச்சயத்துக்கு ருசி பாக்க வந்தேன். வீட்டுல மத்த எல்லாருக்கும் சுகர்.”

“நான் ஜெசிந்தா. அண்ணன் மகளுக்குப் பாக்க வந்தேன்.”

“பொண்ணு பேரு ரெனிட்டாவா?”

“ஆமா.”

“அப்ப ஒரே நிச்சயம்தான்.”

“டீ ஆறுனதும் போயிரலாம்,” என்றாள் ஜெசிந்தா.

“போயிரலாம்,” என்றார் தொபியாஸ்.

டீ ஆறவில்லை.

இருவரும் கிளாஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆவி பறந்துகொண்டே இருந்தது. தொபியாஸின் கை ஐஸ் ஃபாக்டரிக் கை. அவர் தொட்டால் காய்ச்சல்காரனுக்கும் குளிர் எடுக்கும். அந்தக் கையால் இரண்டு கிளாஸையும் வாங்கிப் பிடித்துப் பார்த்தார். அப்போதும் ஆறவில்லை. நாற்காலியில் இருந்தவர்களுக்கு அலுப்புத் தட்டியது. சிலர் சீட்டுக்கட்டை எடுத்தார்கள். பாதிரியார் பிரெட் வாங்கப் போய்விட்டார்.

“எருமைக்கு ஊசி போடுறப்ப என்ன சொல்லிச் சமாதானப்படுத்துவீங்க?” என்று கேட்டார் தொபியாஸ். அவள் வேலையைப் பற்றி அதற்குள் சொல்லியிருந்தாள்.

“ஒண்ணும் சொல்ல மாட்டேன். பேசுனா அதுக்குப் பிடிக்காது.”

“ஐஸும் அப்படித்தான்,” என்றார் அவர்.

பிறகு இருவரும் எதுவும் பேசவில்லை. அது நன்றாக இருந்தது. இப்படிப் பேசாமல் ஒருவர் பக்கத்தில் நின்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது என்று ஜெசிந்தா நினைத்தாள். பிறகு, அப்படி ஒருவரும் நின்றதே இல்லை என்று திருத்திக்கொண்டாள்.

இன்னாசி வந்து டீயில் சுண்டு விரலை விட்டார். ஸ்ஸ் என்று இழுத்துக்கொண்டார்.

“ரெண்டு பேரும் ஒரே துண்டையா எடுத்தீங்க?”

“தெரியாம எடுத்துட்டோம் அண்ணாச்சி.”

“ஒரு ஆளு எடுத்தா அது ருசி பாக்குறது. ஒரே துண்ட ரெண்டு பேரு எடுத்தா அது பந்தி. பந்தியில உக்காந்த டீ ஆறாதும்மா.”

“அப்ப ரெனிட்டா நிச்சயம்?”

“இதான் அது. வேற இல்ல.”

விஷயம் எப்படிப் போனதோ, பெர்பெத்தா ஆட்டோவில் வந்து இறங்கினாள். முழங்கால் வலி இருந்த மாதிரித் தெரியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக மேடைக்கு வந்தாள்.

“ஏட்டி, ருசி பாக்கத்தான அனுப்புனேன்? நிச்சயத்தையே முடிச்சிட்டு நிக்கே.”

“முடியல மைனி. டீ ஆறல.”

“கழத்து மோதிரத்த.”

ஜெசிந்தா கழற்றப் பார்த்தாள். வரவில்லை. அது சர்க்கரைதான். ஆனால் கரையவும் இல்லை.

பெர்பெத்தா இன்னாசியின் பக்கம் திரும்பினாள். “இதுக்கு மாத்து என்ன?”

இன்னாசி மீசையைத் தடவினார். கொஞ்சம் மாவு உதிர்ந்தது. “சாவு வீட்டுக்குச் செய்யிற துட்டி ரஸ்க்கு ஒண்ணு இருக்கு. இந்த ரெண்டு பேருல ஒரு ஆளு அதக் கடிச்சா அந்த ஆளு செத்துப்போவும். நிச்சயம் தானா முறிஞ்சுரும். டீ ஆறுனதும் எந்திரிச்சுக்கிடலாம்.”

“அந்த டீ ஆறுமா?”

“அது ஆறும். தனி டீ.”

ரஸ்க் ஒரு தட்டில் வந்தது. மெலிதாக, ஓரம் கருகி, அடக்கமாக இருந்தது. கூடவே டீ. பெர்பெத்தா தட்டை ஜெசிந்தாவிடம் நீட்டினாள்.

“நான் வேணா சாப்பிடட்டா?” என்றார் தொபியாஸ்.

“நீங்க சாப்பிட்டாலும் போயிரும்,” என்றாள் ஜெசிந்தா.

“அப்ப வேண்டாம்,” என்றார் அவர். மாலையைச் சரிசெய்துகொண்டு மறுபடி நேராக நின்றார்.

ஜெசிந்தா ரஸ்க்கைக் கையில் எடுத்தாள். பழக்கத்தில் எடுத்துவிட்டாள். வாயும் பழக்கத்தில் திறந்துகொண்டது. பிறகு அது மூடிக்கொண்டது.

“மாட்டேன்,” என்று யாரோ சொன்னார்கள். சொன்னது யார் என்று ஜெசிந்தாவும் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

“கொஞ்ச நேரம் செத்துக் கிடக்கிறதுல உனக்கு என்ன நட்டம்?” என்றாள் பெர்பெத்தா.

“இது என் விசேஷம் மைனி.”

“உனக்கு ஏதுட்டி விசேஷம்?”

சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கேக்கின் செர்ரி உருண்டு விழுந்தது. அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பெர்பெத்தாவின் முகம் கொஞ்சம் மாறியது. அவள் கெட்டவள் இல்லை. சொன்னதைத் திரும்ப எடுக்க வழி தெரியாதவள், அவ்வளவுதான். அவள் வேறு ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது.

“என்ன பெரிய ரஸ்க்கு,” என்று ஜெசிந்தாவின் கையிலிருந்து அதைப் பிடுங்கி, ‘கறுக்’ என்று கடித்தாள்.

கடித்ததும் செத்துப்போனாள்.

நிச்சயதார்த்தம் அப்படியே இருந்தது. அதே நாற்காலிகளை யாரோ திருப்பிப் போட்டார்கள். பெர்பெத்தாவை ஐஸ்கிரீம் பெட்டியின்மேல் கிடத்தி, நெற்றியில் சிலுவை போட்டு, தலைமாட்டில் அவளுடைய டீயை வைத்தார்கள். ஆட்கள் வரிசையாக வந்து நின்று பேசினார்கள்.

“தங்கமான மனுஷி,” என்றாள் ஒரு பெண்.

“பொதுவாச் சொல்லாத,” என்றாள் பெர்பெத்தா, கண்ணைத் திறக்காமல். “குறிப்பா ஏதாவது சொல்லு.”

“மீன் குழம்பு நல்லா வைப்பாவ.”

“என்ன மீன்?”

“ஊளி.”

“ம். அடுத்த ஆளு.”

அடுத்த ஆள் அவளுடைய சுத்தத்தைப் பற்றிச் சொன்னார். அதற்கடுத்தவர் அவளுடைய குரல் கோயில் பாடல் குழுவில் தனியாகக் கேட்கும் என்றார். பெர்பெத்தாவின் முகத்தில் கல்யாண வீட்டுக் களை வந்தது. ஜெசிந்தாவின் முறை வந்தது. அவள் மாலையோடு போய் நின்றாள். பொய் சொல்லக் கூடாது என்று நினைத்தாள். கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.

“எனக்கு டைஃபாய்டு வந்தப்ப மைனி பக்கத்துலயே உக்காந்திருந்தாவ,” என்றாள். “விடிய விடிய ஈரத்துணி மாத்திப் போட்டாவ. மறுநாள் அதப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல.”

பெர்பெத்தாவின் மூடிய கண்ணிலிருந்து ஒரு சொட்டு இறங்கிக் காதுக்குள் போனது.

“அது உனக்கு ஞாபகம் இருக்கா?” என்றாள்.

“இருக்கு மைனி.”

“நீ பாட்டுக்கு உளறிக்கிட்டுக் கிடந்த. யாரும் பாக்கலன்னு நெனச்சேன்.”

டீயில் ஆவி குறைந்துவிட்டது. பெர்பெத்தா கையை மட்டும் தூக்கி அசைத்தாள். “இன்னாசி, இதக் கொஞ்சம் சூடு பண்ணிக் குடுங்க. இன்னும் ஆளுங்க நிக்காங்கல்லா.”

இன்னாசி சூடு பண்ணிக் கொண்டுவந்து வைத்தார். அது மறுபடி ஆறப் போகும்போது மறுபடி கேட்டாள்.

சாவுச் செய்தி கேட்டு ரெனிட்டா ஓடி வந்தாள். நன்றாகக் காய்ந்திருந்தாள். தோளில் கிளிப்புகள் அப்படியே இருந்தன. அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “மெதுவா அழு, அவங்க பேசுறது கேக்கல,” என்றாள் பெர்பெத்தா. ரெனிட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தையையும் பக்கத்தில் நின்றவரையும் பார்த்தாள்.

“அத்தை, இது என் நிச்சயமா?”

“ஆமா. தெரியாம எடுத்துட்டேன்.” ஜெசிந்தாவின் குரல் இறங்கியது. “உனக்கு வேணும்னா சொல்லு. ஏதாவது செய்வோம்.” அதைச் சொல்லும்போது மோதிர விரலை மடக்கிக்கொண்டாள். ஆனாலும் சொன்னாள்.

“எனக்கு வெண்ணிலா பிடிக்காது அத்தை.”

“மாப்பிள்ளை?”

“அவர எனக்குத் தெரியாது.”

“நல்ல பையன்தான்,” என்றார் தொபியாஸ். “ஆனா அவனுக்கும் வெண்ணிலா பிடிக்காது. யாரும் கேக்கல.”

ரெனிட்டா தோளிலிருந்து கிளிப்புகளை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள். “பட்டமளிப்புக் கேக்கு எந்தப் பக்கம் அண்ணாச்சி?” என்று கேட்டாள். இன்னாசி எதிர்த்திசையைக் காட்டினார். அவள் கண்ணாடிப் பெட்டியின் ஓரமாகவே வேகமாக நடந்து போனாள்.

ஜெசிந்தா தொபியாஸைப் பார்த்தாள். அவருக்கு நின்று நின்று கால் வலித்திருக்க வேண்டும். ஆனால் சொல்லவில்லை.

“அண்ணாச்சி, நிச்சயத்துக்கு அப்புறம் என்ன வரும்?”

“கல்யாணம்.”

“அது எங்க இருக்கு?”

“நடந்து போற தூரம் இல்ல. பஸ்ஸு வரும்.”

பெட்டிக்கு உள்ளேயே பஸ் வந்தது. சீட்டுகளில் பட்டர் பேப்பர் விரித்திருந்தது. இருவரும் ஏறினார்கள். ஜன்னலோரம் யார் உட்காருவது என்று இருவரும் மாற்றி மாற்றி விட்டுக்கொடுத்தார்கள். கடைசியில் ஜன்னல் அலுத்துப்போய்த் தானாகவே அவள் பக்கம் வந்தது. வெளியே ரொட்டிகள் கடந்து போயின. வெகுநேரம் பன்கள் மட்டுமே வந்தன. பிறகு பஸ் நின்றது.

அங்கே ஒரு பெண் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் கல்யாணக் கேக் இருந்தது. மூன்று மாடி. பக்கவாட்டில் படிக்கட்டு, ஜன்னல்கள், மேலே கைப்பிடிச் சுவர். எல்லாம் வெள்ளை.

“ருசி பாக்க வந்தோம்,” என்றாள் ஜெசிந்தா.

“இங்க ருசி பாக்குறது கிடையாது,” என்றாள் அந்தப் பெண். “உள்ள போனா முழுசும் தின்னாகணும்.”

ஜெசிந்தா அண்ணாந்து பார்த்தாள். வாழ்நாளில் அவள் ஒரு விள்ளலுக்கு மேல் சாப்பிட்டதில்லை.

“எவ்வளவு நாள் ஆகும்?”

“தெரியாது. முடிச்சிட்டு வந்து யாரும் சொன்னதில்ல.”

“நல்லா இருக்குமா?” என்று கேட்டார் தொபியாஸ்.

“அதையும் சொன்னதில்ல. உள்ளருந்து சத்தம் வரும். சில வீட்டுல சண்டை. சில வீட்டுல கரண்டிச் சத்தம் மட்டும்.”

அவள் இரண்டு பெரிய கரண்டிகளைக் கொடுத்தாள். குழம்புக் கரண்டி அளவு இருந்தன. இருவரும் வாசலில் நின்றார்கள்.

“கீழேருந்து ஆரம்பிக்கலாமா?” என்றார் தொபியாஸ்.

“கீழ தின்னா மேல இடிஞ்சு விழும்.”

“அப்ப மாடிக்குப் போவோம்.”

படிகள் மெத்து மெத்தென்று இருந்தன. கால் வைத்த இடமெல்லாம் தடம் விழுந்தது. மேலே போனால் நல்ல காற்று. உப்பளம் தெரிந்தது. அதற்குப் பின்னால் கடலும், அதில் அண்ணனுடையதாக இருக்கக்கூடிய ஒரு கப்பலும் தெரிந்தன. ஜெசிந்தா கைப்பிடிச் சுவரைத் தட்டிப் பார்த்தாள். கனமான கிரீம்.

“இதத் தின்னுட்டா அப்புறம் பிடிக்கிறதுக்கு ஒண்ணும் இருக்காது,” என்றார் தொபியாஸ். “விழுந்துர மாட்டோமா?”

“ஓரத்துல போகாம இருப்போம்.”

அவள் கரண்டியை அழுத்தி இறக்கி, நிறைய எடுத்தாள். வாய் கொள்ளவில்லை. மூக்கில் கிரீம் பட்டது. அவள் துடைக்கவில்லை.

“எப்படி இருக்கு?” என்றார் அவர்.

“இருங்க,” என்றாள் ஜெசிந்தா. “இன்னும் முழுங்கல.”